வீடியோவின் கடைசியில் உன் பெயர்

ஜனவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

பூனை எழுதுகிறேன். நான் சுகமாக இருக்கிறேன். உனக்கும் அத்தானுக்கும் உடம்பு எப்படி இருக்கிறது? காலை மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறாயா?

போனில் என் வாயிலிருந்து "ம்" என்பதற்கு மேல் எதுவும் வராது என்று நீதான் கேலி செய்வாய். விடுதி அறையில் என்னோடு இன்னும் மூன்று பேர். அவர்கள் முன்னால் அந்த "ம்"கூட வருவதில்லை. நீ பார்லரில் போனை எடுத்தாலோ, முகத்தில் பூச்சோடு படுத்திருப்பவர்கள்கூடக் காதைத் தீட்டிக்கொள்கிறார்கள். ஆகவே நாம் பேசிக்கொண்டபடி கடிதம்.

வேலையில் சேர்ந்துவிட்டேன். டயர் கடைக்கு மேலே மூன்றாவது மாடி. வீடியோக்கள் தயாரிக்கும் கம்பெனி. அதில் பேசுகிறவர்கள் சொல்வதைக் கேட்டு, திரைக்குக் கீழே எழுத்தாகப் போடுவது என் வேலை. ஒவ்வொரு வாக்கியத்தையும் பலமுறை ஓட்டிக் கேட்க வேண்டும். மூச்சு வாங்குவது, தொண்டையைக் கனைப்பது எல்லாம் எனக்குத் தெரிந்துவிடுகிறது. பேசத் தெரியாதவளுக்குக் கேட்கிற வேலை. எனக்கென்றே செய்தது போல இருக்கிறது.

முதல் நாள் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று என்னை அறிமுகப்படுத்தச் சொன்னார்கள். நின்றேன். வார்த்தை வரவில்லை. எடிட்டர் அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவர்தான், "பேரைச் சொன்னா போதும்மா, பாட்டெல்லாம் பாட வேண்டாம்" என்று காப்பாற்றினார்.

நீ நாள் முழுக்க நின்றுகொண்டே உழைத்து என்னைப் படிக்க வைத்தாய். நான் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். முதுகு வலிக்கிறது என்று உன்னிடம் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

அத்தானை விசாரித்ததாகச் சொல். பதில் போடு.

உன்
பூனை


ஜனவரி 21

என் செல்லப் பூனைக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? முதுகு வலித்தால் வலிக்கிறது என்று சொல்லடி, அதற்கென்ன கூச்சம்.

உன் கடிதத்தை அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். வொர்க்‌ஷாப்பிலிருந்து கிரீஸ் கையோடு வந்தவர் கழுவாமலே நின்று கேட்டார். நீ பட்டம் வாங்கிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்லரில் மாட்டிவிட்டேன், விலைப் பலகைக்குப் பக்கத்தில். வருகிறவர்கள் புருவத்துக்கு என்ன விலை என்று பார்க்கத் திரும்பினால் உன்னைப் பார்க்காமல் தப்பிக்க முடியாது.

வங்கி மேடம் நேற்று வந்தார். "யாருங்க இந்தப் பொண்ணு?" என்று கேட்டார். அவ்வளவுதான், ஆரம்பித்துவிட்டேன். அத்தான் வாசலிலிருந்து, "அவங்களுக்கு ஒரு புருவம் முடிஞ்சு அரை மணி நேரமாச்சு. இன்னொண்ணு எடுத்துட்டு மிச்சக் கதையைச் சொல்லு" என்கிறார். நம் வீட்டில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் நீ. நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

மாத்திரை போடுகிறேன். கழுத்தில் கட்டி எடுத்து மூன்று வருடமாகக் காலையில் நான் விழிப்பது அந்த மாத்திரையின் முகத்தில்தான், அத்தான் முகத்தில் இல்லை. முடி கொட்டுவதுதான் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. பார்லர்காரியின் தலைதான் பார்லரின் போர்டு. என் போர்டு நாளுக்கு நாள் மெலிந்துகொண்டு வருகிறது.

உன் வீடியோ ஒன்றையாவது எனக்கு அனுப்பு.

அக்கா


பிப்ரவரி 16

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்குச் சளி பிடித்திருந்தது, விட்டுவிட்டது.

வீடியோ கேட்டாய் அல்லவா? இப்போது தைராய்டு பற்றி வரிசையாகச் செய்கிறோம். ஒரு பொடி விற்கிறவர்கள் பணம் கொடுத்துச் செய்யச் சொன்னது. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் பேசுகிறார். பிறகு பொடி சாப்பிட்டுக் குணமானதாகச் சிலர் சொல்கிறார்கள். முடிவில் வேலை செய்தவர்களின் பெயர்கள் ஓடும். அதில் "எழுத்துகள்" என்று போட்டு என் பெயர் வருகிறது. கண்ணை இமைத்தால் போய்விடும், அவ்வளவு சின்னது. இருந்தாலும் முதல் தடவை பார்த்தபோது திரும்பத் திரும்ப ஓட்டினேன். நிறுத்தி வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உனக்கும் அனுப்பியிருக்கிறேன். அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் பார்.

அந்த வெள்ளைக் கோட்டுக்காரர், "ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது" என்கிறார். எந்த ஆராய்ச்சி என்று தெரிந்தால் பெயரைப் பிழையில்லாமல் எழுதலாமே என்று தயாரிப்பு மேடத்திடம் போய் நின்றேன். "ஆராய்ச்சின்னு போட்டா போதும்மா. யாரு போய்த் தேடப்போறா?" என்றார். சரி என்று வந்துவிட்டேன்.

மற்றபடி வேலை பிடித்திருக்கிறது. எடிட்டர் அண்ணன் எனக்கென்று ஒரு ஹெட்ஃபோன் ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார்.

உடம்பைக் கவனித்துக்கொள்.

உன்
பூனை


மார்ச் 2

என் தங்கமே,

நலம். உன் சளி விட்டது கேட்டு நிம்மதி. இங்கே ஒரு குறையுமில்லை.

வீடியோவைப் பார்த்தோம். கடைசிப் பகுதியை மட்டும் பார் என்று எழுதியிருந்தாய். நன்றாயிருக்கிறது நியாயம்! என் தங்கை எழுதியது ஒரு எழுத்து விடாமல் படித்தேன். பார்லர் டீவியில் போட்டு, உன் பெயர் வந்ததும் நிறுத்திவிட்டேன். அன்று முழுக்க அது அப்படியே நின்றது. வந்தவர்கள் எல்லோருக்கும் காட்டினேன். போனிலும் எல்லோருக்கும் அனுப்பினேன். மளிகைக்கடை அண்ணி தெரியுமல்லவா, அவளுக்கும் தைராய்டு உண்டு. "உன் தங்கச்சியா இவ்வளவு விவரமா எழுதினா?" என்று வாயைப் பிளந்தாள். எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

இன்னொரு விஷயம். அந்தப் பொடியை வாங்கியிருக்கிறேன், அண்ணிக்கும் சேர்த்து. முடி திரும்ப வளரும் என்று நீதானே எழுதியிருக்கிறாய். தூங்கும் சுரப்பியை எழுப்பும் என்றும் இருக்கிறது. நடப்பது நடக்கட்டும். உனக்கு ஒரு நல்ல செய்தி சொல்லலாம் என்று காத்திருக்கிறேன். இப்போதைக்கு இதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

அத்தான் உன்னை விசாரிக்கிறார். பெருமையில் அவருக்கும் மீசை முறுக்கிக்கொண்டது.

அக்கா


மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? நலம் என்று எழுதியிருந்தாய். இருந்தாலும் மறுபடி கேட்கிறேன்.

பொடி வாங்கியதாக எழுதியிருந்தாய். அதை மாத்திரையோடு சேர்த்துத்தானே சாப்பிடுகிறாய்? மாத்திரையை விடவில்லையே? போனில் கேட்டபோது, "ஆள் இருக்காங்கடி, அப்புறம் பேசறேன்" என்றாய். கடிதத்திலாவது மறக்காமல் பதில் எழுது. நான் எழுதியதெல்லாம் நான் சொன்னதில்லை அக்கா. அவர்கள் பேசியதை எழுத்தாக்கியதுதான்.

இங்கே வேலை அதிகம். இப்போது மூட்டுவலி எண்ணெய்க்கு ஒரு வீடியோ செய்கிறோம். அதைப் பற்றிச் சொல்ல நினைத்தேன். நேரில் சொல்கிறேன்.

அறையில் இருக்கிற நர்சிங் மாணவி ஒருத்தி, என் பெயர் வந்த வீடியோவைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனைத் திருப்பிக் கொடுத்தாள். நன்றாயில்லையா என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

மாத்திரையைப் பற்றி எழுது.

உன்
பூனை


ஏப்ரல் 14

பூனைக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீ எப்படி இருக்கிறாய்? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. எழுத உட்கார்ந்தால் கண் சொக்குகிறது.

வெயில் இந்த வருடம் அதிகம் என்று எல்லோரும் புலம்புகிறார்கள். எனக்கு என்னவோ குளிர்கிறது. பார்லரில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நிற்கிறேன். வருகிறவர்கள் வியர்வை வழிய என்னைத் திட்டுகிறார்கள். "உனக்குக் குளிருதுன்னா எங்களை ஏன்டி அவிக்கிறே?" என்கிறாள் மளிகைக்கடை அண்ணி. ஆனால் அவளும் இப்போதெல்லாம் படி ஏறி வந்ததும் மூச்சு வாங்க உட்கார்ந்துவிடுகிறாள்.

ஒரு கூத்து கேள். வங்கி மேடத்துக்குப் புருவம் எடுத்துக்கொண்டிருந்தேன். நூல் எங்கே போகிறது என்று கை சொல்லவில்லை. பாதிப் புருவம் போய்விட்டது. இத்தனை வருடத்தில் இப்படி நடந்ததில்லை. அந்த அம்மா நல்லவர். கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "பரவால்ல, இனிமே லோன் கேட்டு வர்றவங்களை இந்தப் பக்கமா பாக்குறேன். பாதிப் பேரு பயந்து ஓடிடுவாங்க" என்றார். நான் சிரித்தேன். அவர் போன பிறகு அழுகை வந்தது.

மோதிரம் விரலில் இறுகிவிட்டது, கழற்ற முடியவில்லை. குரல் கட்டிக்கொண்டே இருக்கிறது. அத்தான், போனில் என்னை ஆம்பிளை என்று நினைத்து அதட்டினார். எல்லாம் வேலைக் களைப்புதான். நீ பயப்படாதே.

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். கை மரத்துப்போகிறது.

அடுத்து எந்த வீடியோவில் உன் பெயர் வரும்?

அக்கா


ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று இந்த முறை கேட்க மாட்டேன். நீ நலமாக இல்லை.

மாத்திரையை நிறுத்திவிட்டாய். கேட்டதற்குப் பதில் எழுதாமல் விட்டாய். ஆனால் மற்றதையெல்லாம் எழுதிவிட்டாய். வெயிலில் ஸ்வெட்டர், இறுகிய மோதிரம், கட்டிய குரல், சொக்கும் கண், மரத்த கை. உன் கடிதத்தை நர்சிங் மாணவியிடம் படித்துக் காட்டினேன். "உங்க அக்கா தைராய்டு மாத்திரை சாப்பிடுறவங்களா?" என்று நான் சொல்லும் முன்னே கேட்டாள்.

உடனே உனக்குப் போன் செய்தேன். "தூங்கறேன், அப்புறம்" என்று வைத்துவிட்டாய். அத்தானுக்குச் செய்தேன். உன்னை மருத்துவமனைக்கு அழைத்துப்போகும்படி அவரிடம் நானே, முழு வாக்கியமாக, சொல்லிவிட்டேன். ஏன் என்பதை உனக்கு எழுதுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் உன் கழுத்தில் எடுத்தது கட்டியை மட்டுமில்லை. ஆபரேஷன் முடிந்து வெளியே வந்த டாக்டர் என்னிடமும் அத்தானிடமும் சொன்னார்: "ரெண்டு பக்கமும் சுரப்பியை முழுசா எடுத்தாச்சு. இனி அந்த மாத்திரைதான் அவங்களுக்குச் சுரப்பி. நிறுத்தவே கூடாது." நீ அப்போது மயக்கத்தில் இருந்தாய். தெளிந்த பிறகு, மாத்திரை போடு, மாத்திரை போடு என்று சொன்னோமே தவிர, ஏன் என்று யாரும் உன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லவில்லை. தூங்கும் சுரப்பியைப் பொடி எழுப்புகிறதோ இல்லையோ, உனக்கு எழுப்புவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை அக்கா.

இனி வீடியோவைப் பற்றி. முடி வளர்ந்தது, மாத்திரையை விட்டுவிட்டேன் என்று ஓர் ஆசிரியை சொல்கிறாளே, அவளை மூட்டுவலி வீடியோவிலும் பார்த்தேன். அங்கே அவள் துணிக்கடை வைத்திருக்கிறாள். இதைத்தான் நேரில் சொல்கிறேன் என்று எழுதினேன். உன் சந்தோஷத்தில் மண்ணைப் போட மனம் வரவில்லை.

உன் கடிதம் வந்ததும் தைராய்டு வீடியோவைத் திரும்ப ஓட்டினேன். அவள் பேசும்போது ஓரிடத்தில் முடி தோளுக்குப் பின்னால் இருக்கிறது. அடுத்த சொல்லில் முன்னால் கிடக்கிறது. நடுவில் எதையோ வெட்டியிருக்கிறார்கள். வெட்டாத பதிவை எடிட்டர் அண்ணனிடம் கேட்டு வாங்கிக் கேட்டேன். அவள் சொன்னது இது: "டாக்டர் மாத்திரையும் கூடவே சாப்பிட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். அதை விடல." "அதை" என்பதற்குப் பின்னால் இருந்ததை வெட்டி, வேறு எங்கோ சொன்ன "விட்டுட்டேன்" என்பதைக் கொண்டுவந்து ஒட்டியிருக்கிறார்கள். அதன் கீழேதான் நான் பிழையில்லாமல் எழுத்துப் போட்டிருக்கிறேன்.

இன்னொன்றும் யோசித்துப் பார். சிலருக்குத் தைராய்டு அதிகமாகச் சுரக்கிறது, சிலருக்குக் குறைவாக. இரண்டுக்கும் அதே பொடி என்கிறார்கள். வெயிலுக்கும் மழைக்கும் ஒரே குடை பிடிக்கலாம். வயிற்றுப்போக்குக்கும் மலச்சிக்கலுக்கும் ஒரே மருந்து உண்டா?

நாளைக் காலையே போ. அண்ணியிடமும் சொல்.

உன்
பூனை


ஏப்ரல் 27

பூனைக்கு,

கடிதம் வந்தது. அத்தானிடமும் கோள் மூட்டியிருக்கிறாய்.

ஒன்றே ஒன்று சொல். அது பொய் என்றால் உன் பெயர் ஏன் அதன் கடைசியில் இருக்கிறது? வெள்ளைக் கோட்டுக்காரன் யார், எவன் என்று எனக்குத் தெரியாது. அவன் சொல்லியா சாப்பிட்டேன்? நம் வீட்டுப் பெண் படித்துப் பார்த்து எழுதியிருக்கிறாள், சரியாகத்தான் இருக்கும் என்று சாப்பிட்டேன். மாத்திரையை விட்டுக் குணமாகி, உன்னால்தான் ஆனது என்று ஊரைக் கூட்டிச் சொல்ல இருந்தேன்.

இப்போது யார் முகத்தில் விழிப்பேன்?

அக்கா


மே 6

அன்பு மச்சினிக்கு,

அத்தான் எழுதுவது. ஸ்பானர் பிடிக்கிற கையில் பேனா நழுவுகிறது. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள், உனக்குத்தான் அது தொழில். நீ சாப்பிட்டாயா, தூங்கினாயா? உன் அக்கா கேட்கச் சொல்லவில்லை. ஆனால் நான் எழுதுவதை எட்டி எட்டிப் பார்க்கிறாள்.

நீ போன் செய்த அன்றிலிருந்து கூப்பிட்டேன். வரவே மாட்டேன் என்று பார்லரைப் பூட்டிக்கொண்டு படுத்துவிட்டாள். கெஞ்சினேன், கத்தினேன். போன வெள்ளிக்கிழமை அவளால் செருப்பைக் குனிந்து மாட்ட முடியவில்லை. நானே மாட்டிவிட்டு, "செருப்பு போட்டாச்சு, இனி கழற்றினா வீண்" என்று வண்டியில் ஏற்றிவிட்டேன்.

ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டரம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் நினைவு தப்பிய பிறகுதான் தூக்கிக்கொண்டு வந்திருப்பீர்கள் என்றார். உடனே படுக்கவைத்து, இதயத்தையும் பார்த்து, மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்து, மூன்று நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அந்த அம்மா என்னிடம், "மாத்திரையை நிறுத்தினதை இவங்க சொல்லவே இல்லைங்கிறீங்க. அப்புறம் யாரு கண்டுபிடிச்சா?" என்று கேட்டார். "என் மச்சினிங்க" என்றேன். "அவங்களும் டாக்டரா?" என்றார். "இல்லீங்க, கடுதாசியைப் படிச்சே கண்டுபிடிச்சுட்டா" என்றேன். உன் கடிதம் என் பையில் இருந்தது. வாங்கி, நின்றுகொண்டே முழுக்கப் படித்தார். அந்தக் குடை வரிக்குச் சிரித்தார். பிறகு உன் அக்காவைப் பார்த்து, "நான் சொல்ல வேண்டியதை உங்க தங்கச்சி என்னைவிட நல்லா எழுதியிருக்காங்க" என்றார்.

நான் உன் அக்காவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வீங்கிய முகம்தான். ஆனாலும் பக்கத்துக் கட்டில்காரியிடம் மெதுவாக, "காலேஜ் முடிச்சவ" என்று சொன்னது என் காதில் விழுந்தது.

அவளுக்குக் கோபம் இருக்கிறது. அது உன் மேல் இல்லை, தன் மேலேயே. மளிகைக்கடை அண்ணியும் மாத்திரையை விட்டுவிட்டாள். இவள் பேச்சைக் கேட்டுத்தான். நான் போய்ச் சொன்னேன். "வாங்கிக் குடுத்தவளே வந்து சொல்லட்டும்" என்று கதவைச் சாத்திவிட்டாள். உன் அக்காவுக்கோ இன்னும் எழுந்து நடக்கத் தெம்பில்லை.

எழுது.

அத்தான்


மே 15

அன்புள்ள அக்காவுக்கு,

மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் போடுகிறாயா? கை மரத்துப்போவது குறைந்திருக்கிறதா? அத்தானின் கடிதத்தில் ஒரு பிழைகூட இல்லை என்று சொல். பொய்தான், ஆனாலும் சொல்.

என் பெயர் ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்டாய். அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டுதான் ஆபீசுக்குப் போனேன். திங்கட்கிழமை எல்லோரும் கூடும்போது எழுந்து நின்றேன். முதல் நாள் நின்ற அதே இடம். "தைராய்டு வீடியோவுல அந்தம்மா சொன்னதை மாத்திப் போட்டிருக்கு மேடம். அதைப் பாத்து எங்க அக்கா மாத்திரையை நிறுத்திட்டாங்க. அதை எடுத்துடணும்" என்றேன். இவ்வளவு நீளமாக நான் யார் முன்னாலும் பேசியதில்லை.

மேடம் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "அக்காவுக்கு இப்ப எப்படிம்மா இருக்கு?" என்று உண்மையாகவே விசாரித்தார். பிறகு, "பணம் குடுத்தவங்க வீடியோம்மா அது. நாம எடுக்க முடியாது. எழுத்துல பிழை இருந்தா பாரு, உன் வேலை அதுதானே" என்றார்.

"இதுவும் பிழைதான் மேடம்" என்றேன்.

அப்போது எடிட்டர் அண்ணன் நாற்காலியை நகர்த்தினார். "வெட்டினது நான்தான் மேடம். வெட்டச் சொன்னாங்க, வெட்டினேன். அந்தப் பொண்ணு சொல்றது சரி" என்றார்.

என் பெயரை எடுத்துவிடுகிறோம் என்றார்கள். பெயரை எடுத்தால் என் வெட்கம்தான் போகும், வீடியோ போகாதே. தவறான மருத்துவ விளம்பரங்களைப் பற்றிப் புகார் செய்ய ஓர் அமைப்பு இருக்கிறது. எங்கே வெட்டு விழுந்திருக்கிறது, அவள் சொன்னது என்ன, அதைப் பார்த்து உனக்கு என்ன ஆயிற்று, எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். கீழே என் கையெழுத்து, அதற்குக் கீழே எடிட்டர் அண்ணனின் கையெழுத்து. ராஜினாமாவும் கொடுத்துவிட்டேன். இந்த மாதக் கடைசி வரை இருக்க வேண்டும்.

உனக்கு வருத்தமாக இருக்கும். பார்லரில் என்ன சொல்வாய் என்று யோசித்துப் பார்த்தேன். போட்டோவைக் கழற்றிவிட்டாலும் எனக்குச் சம்மதம்தான்.

அண்ணியை நினைத்தால் பயமாக இருக்கிறது. நீ எழுந்து நடக்கும் நாளில் முதலில் அவளிடம் போ.

உன்
பூனை


ஜூலை 2

என் செல்லப் பூனைக்கு,

அக்கா எழுதுவது. நலம் என்று எழுதலாமா என்று டாக்டரம்மாவைக் கேட்டுவிட்டு எழுதுகிறேன். "முக்கால்வாசி நலம்னு எழுதுங்க" என்றார். நேற்று ரத்தம் பார்த்தார்கள். இறங்க வேண்டியது இறங்கிக்கொண்டு வருகிறது. மின்விசிறி ஓடுகிறது. குரலும் திரும்பிவிட்டது, அத்தானுக்குத்தான் அதில் வருத்தம். நீ எப்படி இருக்கிறாய்? புது வேலை தேடும் அலைச்சலில் பட்டினி கிடக்காதே.

போட்டோவைக் கழற்றுவதா? போடி பைத்தியக்காரி. தூசி தட்டி, நேராக்கி மாட்டியிருக்கிறேன்.

அந்த வீடியோவைத் தேடினேன், காணோம். நீ எழுதியதால்தான் எடுத்தார்கள் என்று பார்லரில் சொல்லிவிட்டேன். அதே பொடிக்கு வேறு யாரோ செய்த வீடியோ ஒன்று வந்திருக்கிறது. அதை டீவியில் போட்டோம். முடி எங்கே தாவுகிறது, எந்த ஆராய்ச்சி என்று சொல்கிறார்களா, எல்லாத் தைராய்டுக்கும் ஒரே மருந்தா என்று ஆளாளுக்குக் கண்டுபிடித்துக் கத்துகிறார்கள். வங்கி மேடம், "கீழே பாராட்டி எழுதியிருக்கிறவங்க எல்லாரும் ஒரே வாய்ல பேசுற மாதிரி இல்ல?" என்று பிடித்தார். அவருக்குப் புருவம் வளர்ந்துவிட்டது.

அண்ணியைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

நடக்கத் தெம்பு வந்த முதல் நாளே அவள் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவள் உள்ளே கூப்பிடவில்லை. பிறகும் இரண்டு முறை போனேன். அவள் வீட்டுக்காரர் மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். நேற்றுச் சாயங்காலம் அவளே பார்லருக்கு வந்தாள். படி ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் நின்றாள். முகம் உப்பியிருந்தது. உள்ளே ஐந்தாறு பேர் இருந்தார்கள். அவர்கள் எதிரிலேயே கேட்டாள்: "ஏன்டி, நீதானே அனுப்பினே? உன் தங்கச்சி பேரை நிறுத்தி வச்சுக் காட்டினே. இன்னிக்கு அது பொய்ங்கிறே. நாளைக்கு என்ன சொல்லுவே?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முன்பென்றால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன்.

"நான்தான் அனுப்பினேன் அண்ணி. தப்பு. அன்னைக்கு அவ பேரைப் பாத்து நம்பினேன், படிச்சுப் பாக்கல. இப்ப அவ எழுதினதைப் படிச்சுப் பாத்துட்டு நம்புறேன். அவ பேரு வந்த வீடியோ தப்புன்னு அவளே எழுந்து நின்னு சொன்னா. அதுக்காக வேலையை விட்டா. பேசவே பயப்படுற பொண்ணு அண்ணி அவ. தன் மேல தப்பு வந்துடும்னு தெரிஞ்சும் சொல்றவ பேச்சைக் கேக்காம வேற யாரு பேச்சைக் கேப்பீங்க?" என்றேன். சொல்லும்போது தலை குனியவில்லை.

அண்ணி காலியாக இருந்த நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள். "எனக்கும் கழுத்துல ஆபரேஷன் பண்ணாங்க. சுரப்பியை முழுசா எடுத்துட்டாங்களா, இருக்குதான்னே தெரியாதுடி. யாரும் சொல்லல" என்றாள். "அதையும் கேப்போம்" என்றேன்.

நாளைக் காலை பார்லர் திறக்கத் தாமதமாகும் என்று வாசலில் எழுதி ஒட்டியிருக்கிறேன். டாக்டரம்மாவிடம் அவளை நான்தான் அழைத்துப் போகிறேன். வருகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

அக்கா